சவ்வு வளைய வேண்டுமா? முதலில் அதைத் தளர்த்துங்கள்

புரதத்தைப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நானோ துகளைப் போட்டேன், ஓரமாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வைப் புரதத்தாலோ நானோ துகளாலோ வளைக்கப் பார்க்கும், ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சொல்லும் புகார் இதுதான். பெரும்பாலும் தப்பு புரதத்தின் மேல் இருக்காது. சவ்வு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பூரி மாதிரி உப்பி விறைத்திருக்கும். அதைக் குழிக்கப் பார்த்தால் உடையும், ஆறி அமுங்கிய பிறகு எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம்.

உயிருள்ள செல்லில் ஆயிரம் விஷயங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால், 10 முதல் 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கொழுப்புக் குமிழிகளைச் செய்து அதில் பார்ப்பதுதான் வசதி. டிஓபிசி என்ற லிப்பிடுடன் (சவ்வின் கொழுப்பு மூலக்கூறு) ஒளிரும் சாயம் அரை சதவீதம் சேர்த்து, குளோரோஃபார்மில் கரைத்து, ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும் ஐடிஓ கண்ணாடியில் மெல்லியதாகத் தடவி, வெற்றிடத்தில் 2 மணி நேரம் காயவையுங்கள். மின்சாரம் கடத்தும் பக்கம் எது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தடவவும், நான் ஒரு நாள் முழுக்க மறுபக்கத்தில் தடவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 200 மில்லிமோலார் சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் ஊற்றி, 10 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் கொடுத்து 2 மணி நேரம் விட்டால் குமிழிகள் தயார்.

வெளியே குளுக்கோஸ் கரைசல் இருக்கட்டும். உள்ளே இருக்கும் சுக்ரோஸ் கனமானது, குமிழிகள் தானாக அடியில் வந்து உட்காரும். கண்ணாடியில் ஒட்டி வெடிக்காமல் இருக்க, முன்கூட்டியே கேசீன் என்ற பால் புரதத்தைப் பூசிவிடுங்கள்.

இப்போது தளர்த்தும் வேலை. வெளிக்கரைசலின் ஆஸ்மோலாரிட்டி (கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவு) உள்ளே இருப்பதைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் வெளியேறும், சவ்வில் உபரி பரப்பு கிடைக்கும். மைக்ரோஸ்கோப்பில் விளிம்பு லேசாக நடுங்கினால் சரி. கறாரான வட்டமாக நின்றால் மேற்கொண்டு எதையும் ஊற்றாதீர்கள், காசுதான் வீண். இதில் எல்லோரும் சறுக்கும் இடம் உப்பு: 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இரண்டு அயனிகளாகப் பிரிவதால் கிட்டத்தட்ட 200 என்று கணக்கு. அதை மறந்து புரத பஃபரைக் (புரதம் கரைந்திருக்கும் உப்புக் கரைசல்) கலந்தால், குமிழி விறைக்கும், இல்லாவிட்டால் சுருங்கிப்போகும்.

புரதம் சவ்வை வளைக்கும் வழி ஒன்றல்ல. ஆம்ஃபிஃபைசின் என்ற புரதத்தில் இருக்கும் ‘பார்’ (BAR) என்ற பகுதி வாழைப்பழம் மாதிரி வளைந்தது, தன் வளைவைச் சவ்வின் மேல் திணிக்கும். எப்சின் என்ற இன்னொரு புரதம் தன் சுருள் ஒன்றை ஆப்பு அடிப்பது போல வெளியடுக்குக்குள் சொருகும். வளைந்த வடிவமே இல்லாத, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் கூட நெருக்கமாகக் கூடினால் போதும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டே சவ்வைத் தள்ளி நீண்ட குழாய்களாக்கிவிடும். தொடங்குபவர்களுக்கு இந்தக் கடைசி வழியையே சொல்வேன்: ஹிஸ்டிடின் வால் வைத்த ஜிஎஃப்பி, லிப்பிடில் கொஞ்சம் நிக்கலைப் பிடித்து வைத்திருக்கும் வகை, வால் அந்த நிக்கலில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். புரதச் சுத்திகரிப்பிலிருந்து வந்த, வாலுக்குப் பதில் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் இமிடசோலை மட்டும் டயாலிசிஸ் (சவ்வு வழியாகக் கழுவுதல்) செய்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புரதம் ஒட்டவே ஒட்டாது.

முதலில் புரதமில்லாத வெறும் பஃபரைப் போட்டுப் பாருங்கள், அதிலேயே குழாய் முளைத்தால் அது புரதத்தின் வேலை அல்ல. சாயத்தின் மேல் வெளிச்சத்தைக் கொட்டினாலும் லிப்பிட் ஆக்சிஜனேற்றமாகிச் சவ்வு தானே நெளியும், அதையும் கவனியுங்கள். குழாய்கள் மைக்ரோஸ்கோப்பின் பகுப்புத் திறனைவிட மெல்லியவை, மயிரிழை போன்ற மங்கலான கோடாகத்தான் தெரியும்.

நானோ துகளில் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது. இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிஷ் 1973இல் தந்த சமன்பாட்டின்படி, சவ்வு ஓர் உருண்டைத் துகளை முழுதாகச் சுற்ற ஆகும் வளைவுச் செலவு உருண்டையின் அளவைப் பொறுத்ததே அல்ல. சிறியதோ பெரியதோ ஒரே செலவு, சாதாரண சவ்வுக்கு, மூலக்கூறுகள் தானாக அசையும் வெப்ப ஆற்றலைப் (kT) போல ஏறக்குறைய 500 மடங்கு. முதல் முறை படித்தபோது நான் நம்பவில்லை. ஆனால் ஒட்டுவதால் வரும் லாபம் பரப்போடு கூடும், அதனால் ஓர் அளவுக்குக் கீழே உள்ள துகளுக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஆரம்: வளைவு விறைப்பை (சவ்வு வளைய எவ்வளவு எதிர்க்கிறது என்பது) இரண்டால் பெருக்கி, ஒரு சதுர மீட்டருக்கான ஒட்டும் ஆற்றலால் வகுத்து, வர்க்கமூலம். விறைப்பு 8×10⁻²⁰ ஜூல், ஒட்டுதல் சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல் என்றால் 13 நானோமீட்டர். ஒட்டுதல் பத்தில் ஒன்றானால் 40. இதில் சவ்வின் இழுவிசையைச் சேர்க்கவில்லை, விறைத்த குமிழியில் இதைவிட மோசமாக இருக்கும்.

தங்கத் துகள் பயன்படுத்தினால் டியூபைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கும் வரை சரி. உப்பு பஃபரில் கலந்ததும் ஊதாவாக மாறினால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டுவிட்டன, அப்புறம் நீங்கள் போட்ட கணக்கு அந்தக் கட்டிகளுக்குப் பொருந்தாது. அதைக் கொட்டிவிட்டு, உப்பைக் குறைத்துப் புதிதாகக் கலக்குங்கள்.