பழைய ஏர் ரைஃபிளின் குறி சீரான கதை

வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது என்பதால், அட்டைக் குறி சுடுவதற்காகவே 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றை மதுரையில் தெரிந்தவரிடம் பழையதாக வாங்கினேன். திருமங்கலம் அருகே எங்கள் தோப்பில், மண்மேட்டின் முன் அட்டையை நிறுத்தி 10 மீட்டரிலிருந்து சுட்டபோது, ஐந்து குண்டுகளும் உள்ளங்கை அளவுக்குச் சிதறின. துப்பாக்கிமேல் இருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சந்தேகித்து ஒரு ஞாயிறு முழுவதையும் வீணாக்கினேன்.

கட்டையையும் குழலையும் பிணைக்கும் திருகாணிகள் தளர்ந்திருந்ததை மறுவாரம்தான் கண்டேன். அவற்றை இறுக்கி, குழலுக்குள் படிந்திருந்த ஈயக் கசடு நீங்கும்வரை துணியைச் செலுத்தித் துடைத்தபின் சிதறல் பாதியாயிற்று. மீதிக் குறை என் கையில் இருந்தது. குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்னரே, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தியபடி பாயும்போது பின்னுக்கும், அது நிற்கும்போது முன்னுக்குமாகத் துப்பாக்கி உதறுவதால், இறுகப் பற்றினால் அது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் துள்ளுகிறது. முன்கட்டையைப் பிடிக்காமல் இடது உள்ளங்கையில் ஒரே இடத்தில் கிடத்திச் சுடப் பழகினேன். கை கேட்கத்தான் நாளாயிற்று. குண்டுகளையும் மாற்றிப் பார்த்ததில், கூர்முனையைவிட உருண்டைமுனையே என் குழலுக்கு ஒத்துவந்தது. இப்போது ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயம் மறைத்துவிடுகிறது.