ஆர்.வி.யில் பேஜ், மான்யுமென்ட் வேலி, ஸயான்: ஒரு நாளையே கெடுக்கும் தவறுகள்

அரிசோனாவின் வட எல்லையில் இருக்கும் பேஜ் ஊரைச் சுற்றி ஹார்ஸ்ஷூ பெண்ட் (ஆறு லாட வடிவில் வளையும் இடம்), ஆன்டிலோப் கேன்யன் (குறுகலான பாறைப் பள்ளம்), மான்யுமென்ட் வேலி, ஸயான் தேசியப் பூங்கா எல்லாமே நூற்றைம்பது மைலுக்குள் வந்துவிடும். வரைபடத்தைப் பார்த்தால் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களை முடித்துவிடலாம் போலத் தோன்றும். 25 அடி மோட்டார்ஹோமில் (வீடு போல வசதி உள்ள ஆர்.வி. வண்டி) போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதைக்கும். மேப் இரண்டு மணி நேரம் என்று காட்டினால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர்க் குழாய், கரன்ட் கேபிள், கழிவுக் குழாய் கழற்றி, உள்ளே உருளக்கூடியதை எல்லாம் கட்டிவைக்க முக்கால் மணி நேரம் போகும். மாலையில் திரும்பி வந்ததும் அதே வேலை மறுபடியும்.

அதனால் ஒரே கேம்ப்கிரவுண்டில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒரு சின்ன இடம். மதியம் 12 முதல் 4 வரை வண்டிக்குள் நிழலில் இருங்கள். கோடையில் இதற்கு மேல் திட்டம் போட்டால் குழந்தைகளும் பெரியவர்களும் தாங்க மாட்டார்கள்.

கடிகாரத்தை நம்புவது

இந்தப் பக்கம் வருகிறவர்கள் முன்பணம் கட்டிய டூரைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை, பக்கத்து மாநிலமான யூட்டா மாற்றும். அரிசோனாவுக்குள்ளும் பரவியிருக்கும் நவஹோ நேஷன் (நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலம்) மாற்றும். அதன் நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலம் மாற்றாது. ஆகவே மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, பேஜில் காலை 9 என்றால் நவஹோ ஊரான கயென்டாவிலும் மான்யுமென்ட் வேலியிலும் 10. டூபா சிட்டியும் மோயென்கோப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். முதலாவது நவஹோ, இரண்டாவது ஹோப்பி. கோடையில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

நீங்கள் பேஜிலேயே நின்றாலும், போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த ஊர் நேரத்தைக் காட்டும். எல்லை சில மைல் தூரத்தில் இருப்பதால் ஒரே மேசையில் இருக்கும் இரண்டு போன்கள் இரண்டு நேரம் காட்டுவது இங்கே சகஜம். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும், அங்கே டூர்கள் பேஜ் நேரப்படிதான் புறப்படுகின்றன. போனில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிட்டு, ஊரை ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள். மான்யுமென்ட் வேலிக்குப் போகும் நாளில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். திரும்பும்போது அந்த மணி திரும்பக் கிடைக்கும்.

வண்டி போகாத இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவது

மான்யுமென்ட் வேலியின் உள்ளே போகும் 17 மைல் மண்சாலையில் ஆர்.வி.க்கு அனுமதி இல்லை. இது தெரியாமல் வாசல்வரை வந்து திகைக்கிறவர்கள் நிறைய. வண்டியைப் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு, நவஹோ வழிகாட்டிகள் ஓட்டும் ஜீப் டூரில் போங்கள். சொந்தக் கார் போக முடியாத உட்பகுதிகளுக்கும் அவர்கள் கூட்டிப்போவார்கள் என்பதால் இது கார் கொண்டுவருவதைவிட நல்ல வழி. மையத்தின் மேடையிலிருந்து மிட்டன் பாறைகள் கிழக்கே தெரியும். மாலை வெயில் நேராக அவற்றின் மேல் விழும் என்பதால் படம் எடுக்க மாலைதான் சரி. தேசியப் பூங்காக்களின் ஆண்டுப் பாஸ் இங்கே செல்லாது; இது நவஹோ மக்களின் பூங்கா, கட்டணம் தனி. டிரோன் பறக்கவிடக் கூடாது. நவஹோ நேஷன் முழுவதும் மது தடை. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஸயானின் கிழக்கு வாசலுக்கு அடுத்து வரும் சுரங்கப்பாதை 1930ல் அன்றைய கார்களுக்காக வெட்டியது, 1.1 மைல் நீளம், மேல்புறம் வளைந்து இறங்கும். உயரமான வண்டி கூரையில் இடிக்காமல் இருக்க நடுச்சாலையில்தான் போக வேண்டும். அதனால் 11 அடி 4 அங்குல உயரம் அல்லது 7 அடி 10 அங்குல அகலத்தைத் தொட்ட வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கி, எதிர்ப் போக்குவரத்தை நிறுத்தி, தனியாக விட்டுவந்தார்கள். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளை அந்தச் சாலையில் விடுவதில்லை என்று பூங்கா அறிவித்தது. வாடகை மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்கு மேல்தான் வரும். பேஜிலிருந்து கனாப், ஃபிரெடோனியா, ஹரிக்கேன் வழியாகச் சுற்றித் தெற்கு வாசலுக்குப் போய்விடுங்கள். வண்டியின் உயரம் என்றால் கூரையில் இருக்கும் ஏசியையும் சேர்த்துத்தான். ஓட்டுநர் இருக்கை மேலேயே அந்த அளவை ஒட்டிவையுங்கள்.

காரில் போவது போலவே வழிகாட்டும் மேப், யூட்டா 261ல் இருக்கும் மோக்கி டக்வேயையும் குறுக்கு வழி என்று காட்டும். அது மூன்று மைல் மண் கொண்டை ஊசி வளைவு, 10 சதவீதச் சரிவு. 28 அடிக்கோ 10,000 பவுண்டுக்கோ மேற்பட்ட வண்டி வேண்டாம் என்கிறது மாநில நெடுஞ்சாலைத் துறை. 28 அடிக்குக் குறைவான மோட்டார்ஹோமையும் அங்கே இறக்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

பேஜிலிருந்து தெற்கே இறங்கும் 89ஆம் சாலையிலும் பாறையைக் குடைந்து வெட்டிய இடத்துக்குப் பிறகு நீண்ட சரிவு உண்டு. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, கியரைக் குறைவாகவே வைத்து இன்ஜினால் வேகத்தை அடக்க உதவும் டோ-ஹால் பட்டனைப் போடுங்கள். பிரேக்கை மிதித்தே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் நிறுத்திக் குளிரவிடுங்கள்.

டயரை மதியத்தில் பார்ப்பது

காற்றழுத்தத்தைச் சூரியன் ஏறும் முன், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். மதியம் பார்த்தால் சூட்டினால் கூடிய அழுத்தம் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் குளிர்ந்ததும் டயர் காற்றுக் குறைந்து கிடக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும். வெடிப்பது அப்படித்தான். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்ளே இருக்கும் டயர் காற்றுப் போனது வெளியே தெரியாது. இரண்டுபக்க வாய் கொண்ட நீளமான கேஜால்தான் பார்க்க முடியும். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் பொறித்த டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் மேல் வரிகள் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட டயரோடு இந்தச் சாலைகளுக்கு வராதீர்கள். இழுத்துவரும் டிரெய்லரின் டயர்களில் பலவும், மணிக்கு 65 மைலுக்கு மேலான வேகத்தைத் தாங்குவதற்குச் செய்தவையே அல்ல.

ஏசி ஓடிக்கொண்டிருக்கும் என்று நாயை விட்டுவிட்டுப் போவது

முப்பது ஆம்ப் இணைப்பு தருவது 3,600 வாட். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்றே பன்னிரண்டு முதல் பதினைந்து ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். கூட்டம் நிறைந்த கேம்ப்கிரவுண்டில் எல்லா ஏசியும் ஓடும் மாலை நேரத்தில் வோல்டேஜ் 105க்குக் கீழே போனால் கம்ப்ரஸர் கெடும்; வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வைத்திருந்தால் வண்டி பிழைக்கும், உள்ளே இருக்கும் நாய் பிழைக்காது. ஹார்ஸ்ஷூ பெண்டில் வாரோடு நாயைக் கூட்டிப்போகலாம். கேன்யன் டூரில் முடியாது. அந்த நேரம் ஒருவர் வண்டியில் இருக்கட்டும்.

ஏசி வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான் குறைத்துக்கொடுக்கும். சூடேறிய பிறகு போடாமல் காலையிலேயே போடுங்கள். புரோப்பேன் ஃபிரிட்ஜ் உள்ள வண்டியை, அதன் வெளிப்பக்க வென்ட் மேற்கே பார்க்காதபடி நிறுத்துங்கள். மேற்கு வெயில் பட்டால் மாலைக்குள் பால் திரிந்துவிடும். ஜெனரேட்டரும் பிரதான டேங்கிலிருந்தே பெட்ரோல் எடுக்கும், கால் டேங்க்கில் தானே நின்றுவிடும். மோட்டார்ஹோம் காலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல்தான் தரும் என்பதால், பாதி டேங்க் ஆனதுமே பேஜ், கேமரூன், கயென்டா என்று எங்கே பம்ப் கண்ணில் பட்டாலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வானம் நீலமாக இருக்கிறது என்று பள்ளத்தில் இறங்குவது

1997 ஆகஸ்ட் 12ல் கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை கொட்டவில்லை. பல மைல் மேலே பெய்த மழை குறுகலான பாறை இடுக்கில் வந்து பாய்ந்தது. இந்த நிலத்தில் மண் தண்ணீரை உறிஞ்சாமல் அப்படியே வழியவிடும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை மழைப் பருவம், மதியத்தில்தான் இடி எழும். கேன்யன் டூருக்குக் காலை நேரத்தைப் பதிவு செய்யுங்கள். டூர் ரத்தானால் வாதாட வேண்டாம். சாலையைக் குறுக்கே ஓடும் நீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். தடுப்பைத் தாண்டி மாட்டிக்கொண்டவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் சட்டமே உண்டு.

ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போய்வர ஒன்றரை மைல், நடைபாதையில் நிழல் மிகக் குறைவு. காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு நீரை இழக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் கையில், நாளுக்கு ஒரு காலன் வண்டியில். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைசுற்றும். உப்புப் போட்ட மோரும் கடலையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வெளியில் விரித்த ஆனிங்கை (வண்டியோடு சேர்ந்த துணிப் பந்தல்) சுருட்டிவிடுங்கள். வசந்த காலத்து மதியக் காற்று திடீரென்று எழுந்தால் அதைக் கூரையோடு பிய்த்துவிடும்.