கடல் பேனா வாங்கும் முன்: தொட்டிக்காரர்கள் செய்யும் தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் உப்புநீர் மீன் தொட்டி வைப்பவர்களுக்குப் பெங்களூர் கடைகள்தான் கைக்கு எட்டும் தூரம். போன இடத்தில் கடல் பேனாவைப் பார்த்து, இறகு மாதிரி அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடுவதும் உண்டு. அதைச் செடி என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல்.

அது ஒரு கடல் விலங்கு, பவளங்களின் உறவு. பாலிப்கள் என்னும் குட்டி உயிர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த ஒரு கூட்டம். இரை பிடிக்கும் பாலிப்களுக்கு எட்டெட்டு உணர்கொம்புகள். வேறு சில, தண்ணீரை உள்ளே இழுத்துக் கொடுப்பதோடு சரி. வெளிச்சத்தில் வளர்ந்துவிடும் என்று விலை கூடிய விளக்கு மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு. மிதந்து வரும் நுண்ணுயிர்கள்தான் அதற்குச் சாப்பாடு.

கல்லிடுக்கில் செருகாதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். அடிக்காம்பு நீரால் உப்பி, மணலில் தானே ஊன்றிக்கொள்ளும். காம்பு முழுக்கப் புதையும் ஆழத்துக்கு மென்மணல் வேண்டும்.

அடுத்தது நம்ம ஊர்த் தவறு. இங்கே போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்புகளின் மேல் கடல் உப்புக் கலவையைக் கொட்டினால் கணக்கு தப்பிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வருமாறு கலக்குங்கள். சமையல் உப்பு கூடவே கூடாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நண்டு விஷயம். பேனாவின் மடிப்புகளில் தட்டையான சிறு நண்டு ஒன்று ஒட்டியிருக்கும். பீங்கான் நண்டு. பூச்சி என்று நினைத்து இடுக்கியால் பிடுங்குகிறார்கள்; அது காலையோ கொடுக்கையோ உதிர்த்துவிட்டு ஓடப் பார்க்கும். கொடுக்கு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் கவனியுங்கள்: வாயருகே மயிரடர்ந்த இரண்டு விசிறிகளை மாறி மாறி வீசி, தண்ணீரில் வருவதை வடித்துத் தின்னும். பேனாவைக் கடிப்பதில்லை. கொடுக்குக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள்தான் கண்ணுக்குத் தெரியும். சாதாரண நண்டுக்கு நான்கு.

உண்மையில் பேனாவைத் தின்பது ஆர்மினா என்ற ஓடில்லாத கடல் நத்தை. உடல் நெடுக வரிகள் இருக்கும், மணலுக்குள் புதைந்து கிடக்கும். நண்டை விரட்டிவிட்டு இதை விட்டுவைத்தால் பேனா மிஞ்சாது.

அப்புறம், இருட்டில் ஒளிர்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்க்கும் பழக்கம். பல வகைகள் ஒளிரும்தான். ஆனால் சீண்டினால் பாலிப்கள் சுருங்கிக்கொள்ளும். மறுபடி விரியும்வரை சாப்பாடு கிடையாது.