சூப்பர்நோவாவுக்கு முன் வேகாவைப் பிடியுங்கள்

சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தைப் படம் எடுக்க, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடல் பக்கத்து வானம் நல்ல இருட்டு. ஆனால் உப்புக்காற்று லென்சில் பிசுபிசுவென்று படியும். துணியால் தேய்க்காதீர்கள், முதலில் ரப்பர் பம்பால் ஊதிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்நோவாவின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டையைப் படம் எடுக்கும் இரவிலேயே, அதே கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு), அதே ஃபோகஸில் வேகா நட்சத்திரத்தையும் எடுத்துவிடுங்கள். இதை விட்டால் நிறமாலையில் எந்தத் தனிமத்தின் கோடு எங்கே என்று திண்டாட்டம்தான். வேகாவின் ஹைட்ரஜன் கோடுகள் 656.3, 486.1 நானோமீட்டரில் கருப்பாக, பள்ளம் பள்ளமாகத் தெரியும். அதுதான் உங்கள் அளவுகோல். அப்புறம், உச்ச ஒளியில் இருக்கும் சூப்பர்நோவாவில் 615 நானோமீட்டரை ஒட்டி அகலமான சிலிக்கான் பள்ளம் இருந்தால் அது 1ஏ வகை, வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சக் கரு) வெடித்தது. ஹைட்ரஜன் தெரிந்தால் 2ஆம் வகை. 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில் வெடித்தது இந்த வகைதான்.