டார்ச் லைட்டுக்கு எந்த பேட்டரி? முதன்முறை வாங்குபவர்களுக்கு

கடையில் போய் "டார்ச்சுக்கு ரெண்டு பேட்டரி கொடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். அளவு பொருந்தும், லைட்டும் எரியும். ஆனால் அடிக்கடி எரிப்பவருக்கு ஒரு வகை, கரண்ட் போனால் மட்டும் தேடுபவருக்கு இன்னொரு வகை. இதைக் கவனிக்காமல் வாங்கித்தான் பலரும் நல்ல டார்ச்சையே குறை சொல்கிறார்கள்.

1. அளவைப் பாருங்கள்

மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியை வெளியே எடுங்கள். சுமார் 34 மி.மீ. தடிமனில் குண்டாக இருந்தால் அது டி சைஸ். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 14.5 மி.மீ. தடிமன் உள்ளது ஏஏ, அதைவிட ஒல்லியானது ஏஏஏ. 18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமுமாக ஒற்றை செல் இருந்தால் அது 18650 என்ற லித்தியம் வகை. அளவு அதன் பெயரிலேயே இருக்கிறது.

2. லேபிளில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

ஏஏ பேட்டரியின் லேபிளில் பொடி எழுத்தில் 'ஆர்6' என்று மட்டும் இருந்தால் அது சாதாரண ஜிங்க் கார்பன். 'எல்ஆர்6' என்றால் ஆல்கலைன். 'எச்ஆர்6' என்றால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை.

ஜிங்க் கார்பன் விலை குறைவு; கடிகாரத்துக்குப் போதும். பளிச்சென்று எரியும் எல்இடி இழுக்கும் கரண்டுக்கு அது தாங்காது, சீக்கிரம் மங்கும். அதோடு, அதன் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் தருகிறது. கூடு ஓட்டையானால் உள்ளே இருப்பது டார்ச்சுக்குள் கசியும். ஆல்கலைன் பல மடங்கு உழைக்கும், ஆனால் தீர்ந்த பிறகு உள்ளேயே கிடந்தால் அதுவும் கசியும்.

நிக்கல் வகை 1.2 வோல்ட்தானே, வெளிச்சம் குறையுமே என்று பலர் தயங்குகிறார்கள். 1.5 வோல்ட் ஆல்கலைன் எரிய எரிய இறங்கிக்கொண்டே வரும். நிக்கல் கிட்டத்தட்ட கடைசிவரை 1.2-லேயே நிற்கும். அதனால் பெரும்பாலான எல்இடி டார்ச்சுகளில் தைரியமாகப் போடலாம்.

3. எவ்வளவு அடிக்கடி எரிப்பீர்கள்?

இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர், வாட்ச்மேன் வேலை பார்ப்பவர் போன்றோருக்கு சார்ஜ் செய்யும் வகைதான் சரி. சார்ஜருக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பிவிடும். எப்போதாவது எரிக்கும் டார்ச் என்றால் ஆல்கலைன் வாங்கி, உள்ளே போடாமல் பக்கத்திலேயே வையுங்கள்.

4. லித்தியம் என்றால் கூடுதல் கவனம்

முழு சார்ஜில் ஒரு 18650 செல் 4.2 வோல்ட் வரை போகும். 14500 என்று ஒரு செல் உண்டு. பார்க்க அச்சு அசல் ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். ஏஏ டார்ச்சில் போட்டால் எல்இடி கருகிப்போகலாம். டார்ச்சின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள்.

18650 மேல் கொள்ளளவு 9,900 மில்லிஆம்பியர்-ஹவர் (mAh) என்று அச்சடித்திருந்தால் அது பொய், வாங்கவே வாங்காதீர்கள். நல்ல செல்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 வரைதான். அசல் செல் சுமார் 45 கிராம் இருக்கும். கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லைத் தொடவே வேண்டாம். அடிப்பக்கம் மட்டுமல்ல, உடம்பு முழுவதும் மைனஸ்தான். பிளஸ் முனைக்குப் பக்கத்து விளிம்பும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே ஒரு உலோகத் துண்டு பட்டாலே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதனால் சாவியோடு பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

5. போடும்போது

பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். வலு குறைந்தது முதலில் தீரும்; தீர்ந்த பிறகும் மற்றவை அதன் வழியே கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது கசிய ஆரம்பிக்கும். ஆல்கலைன் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே புது பேட்டரியைப் போடுங்கள்.