கொரிய வார்ப்புக் காசு வாங்கினால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

நடுவில் சதுர ஓட்டை உள்ள பழைய கொரியக் காசு கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். கொரியாவை அப்போது ஆண்ட ஜோசன் அரசில் 1678 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வார்த்த 'சாங்ப்யோங் தோங்போ' காசுகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் அதே நான்கு எழுத்துகள்தான், விஷயமெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஓட்டைக்கு மேலே இருக்கும் எழுத்து எந்த அலுவலகம் வார்த்தது என்று சொல்லும், கீழேயும் பக்கவாட்டிலும் உள்ள எண்ணோ எழுத்தோ வரிசையைக் குறிக்கும். இந்தச் சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அதனால்தான் குறைந்த விலையில் தொடங்கி வாழ்நாள் முழுக்கச் சேர்க்கலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

100 'முன்' (அந்தக் காலக் கொரியப் பண அலகு) மதிப்புள்ள பெரிய காசு என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அது 1866-இல் கியோங்போக் அரண்மனையைத் திரும்பக் கட்டும் செலவுக்காக வந்தது, சாதாரணக் காசைவிட விலை அதிகம் என்பதால் போலியும் அதிகம். எடை போட்டுப் பாருங்கள், விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அரத்தால் தேய்த்துச் சமன் செய்த விளிம்பு இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடினால் இரண்டு அச்சுகளை ஒட்டிய நவீன நகலாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பழுப்புப் படலம் போனால் திரும்ப வராது.