எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிகரெட்டை நிறுத்த உதவும் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஓர் இளம் குழு தங்கள் செயலியின் மாதிரியைக் காட்டியது. எங்கள் முதல் செயலியில் நாங்கள் செய்த அதே பிழை அதிலும் இருந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இந்த வேலை அவசியமானது. ஏஆர்டி, அதாவது எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களின் ஆயுளை இன்று வைரஸைவிட சிகரெட்தான் அதிகம் குறைக்கிறது. 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வின் கணக்குப்படி, புகைப்பழக்கத்தால் போவது சுமார் 12 ஆண்டுகள், எச்.ஐ.வி.யால் போவது சுமார் 5.

லாக் ஸ்கிரீனில் நோயை எழுதுவது

நாங்கள் அனுப்பிய நோட்டிஃபிகேஷன் இதுதான்: "ஏஆர்டி போட்டாச்சா? சிகரெட் இல்லாமல் இன்று 9-வது நாள்!" அக்கறையோடு எழுதிய வரி. ஒருவர் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரை ஒளிர்ந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த தம்பி அதைப் படித்துவிட்டு, ஏஆர்டி என்றால் என்னவென்று தேடிப் பார்த்துவிட்டார். யாரிடம், எப்போது சொல்வது என்று அவர் பல வருடமாக யோசித்து வைத்திருந்ததை எங்கள் ஒரு வரி போட்டு உடைத்துவிட்டது. செயலியை நீக்கினார். ஆலோசனைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். மறுபடி புகைக்கத் தொடங்கினாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்றும் புதிதாக வருபவர்கள் ஐகானில் சிவப்பு ரிப்பன் வைக்கிறார்கள், பெயரிலேயே எச்.ஐ.வி. சேர்க்கிறார்கள். கேட்டால், "அமைப்புகளில் மறைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. செயலியை நிறுவிய முதல் நாளே அமைப்புகளைத் தேடிப் போய் மாற்றுபவர் எத்தனை பேர்? பெயர், ஐகான், நோட்டிஃபிகேஷன் மூன்றும் தொடக்கத்திலிருந்தே எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. "உங்களுக்கு ஒரு நினைவூட்டல்" என்றால் போதும். மற்றதெல்லாம் பூட்டைத் திறந்த பிறகு.

ஒரு சிகரெட்டுக்கு எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குவது

23 நாள் தாங்கியவர் ஒரே ஒரு சிகரெட் பிடித்ததற்கு "0" என்று காட்டினால், அந்த 23 நாளும் வீண் என்று நினைத்து மொத்தப் பெட்டியையும் முடித்துவிடுகிறார். "23 நாள் புகையில்லாமல், 1 நாள் சறுக்கல்" என்று காட்டுங்கள். நடந்ததும் அதுதானே.

மருந்தைப் பற்றிப் பேசாமல் விடுவது

நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் இரண்டும் ஏஆர்டியோடு பெரிதாக மோதுவதில்லை. சிகரெட்டை நிறுத்த உதவும் மாத்திரையான புப்ரோபியான் அப்படியல்ல, ஏஆர்டி மருந்துகளான எஃபாவிரென்ஸும் ரிட்டோனாவிரும் ரத்தத்தில் அதன் அளவைக் குறைக்கக்கூடும். இதைப் பெயரோடு சொல்லி, மருத்துவரிடம் கேட்க வையுங்கள். ஆனால் அவர் எடுக்கும் மாத்திரைப் பட்டியலைச் சர்வரில் சேமிக்காதீர்கள்.

கருகிய நுரையீரல் படம்

வேண்டாம்.

நெட் இல்லாவிட்டால் வேலை செய்யாத உதவிப் பொத்தான்

புகைக்கத் தோன்றும் தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், அதற்குள் தீக்குச்சி உரசியாகிவிடும்.